கடுகு விதையும் இலுப்பைக் கன்றும்

(ஆண்டின் பொதுக்காலம் 11ஆம் ஞாயிறு – வானொலி மறையுரை. வாசகங்கள்: எசே 17:22-24, 2 கொரி 5:6-10, மாற் 4:26-34)



இன்றைய முதல் வாசகத்தில் கடவுள் ஒரு தோட்டக்காரராக நம்முன் வருகிறார். ஓங்கி வளர்ந்த கேதுரு மரத்தின் உச்சியிலிருந்து ஓர் இளந்தளிரைக் கொய்து, உயர்ந்த மலையொன்றில் தாமே நடுகிறார். அது கிளைவிட்டு, கனி தந்து, பெருமரம் ஆகிறது. எல்லா வகைப் பறவைகளும் அதன் நிழலில் வந்து தங்குகின்றன. நற்செய்தியில் ஆண்டவர் இயேசு இறையாட்சியைப் பற்றிச் சொல்ல இரண்டு சிறு உவமைகளை எடுக்கிறார். விதைத்தவர் இரவில் தூங்கிப் பகலில் விழித்து எழ, அவருக்கே தெரியாத விதமாய் வளரும் விதை ஒன்று. கடுகு விதை மற்றொன்று. அந்தக் கடுகு உவமையும் கடைசியில் நிழலில் வந்து முடிகிறது. அந்த நிழலில் தங்கும் பறவைகளில் வந்து முடிகிறது.

எசேக்கியேலின் வாக்கை முதலில் கேட்டவர்கள் யார் என்று சற்றே நினைத்துப் பார்ப்போம். கி.மு. 597இல் யோயாக்கின் அரசரோடு பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட மக்கள் அவர்கள். கெபார் ஆற்றங்கரையில், அந்நிய மண்ணில், நாளைக்கு என்ன ஆகுமோ என்று ஏங்கிக் கிடந்தவர்கள். அவர்களிடம் போய், ஆண்டவர் ஒரு கன்று நடப் போகிறார் என்று சொல்கிறார் இறைவாக்கினர். கன்று என்றைக்கு மரமாவது? அந்த மரத்தின் நிழலில் உட்கார அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கப் போகிறார்கள்? ஆனாலும் அவர்களுக்குக் கடவுள் தந்த ஆறுதல் அதுதான். தங்களுக்குப் பின்னே வரப்போகிறவர்களுக்காகக் கடவுள் இன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டார் என்ற ஆறுதல்.

அன்பர்களே, இன்று இந்த மரத்தை உவமையாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், மண்ணில் வேரூன்றி நிற்கும் உண்மையான மரமாகவே எண்ணிப் பேசுவோம். ஆனி பிறந்துவிட்டது. நம் பக்கத்து இலுப்பை மரங்களில் பழம் கனிந்து உதிரும் காலம் இது. விதை பொறுக்கவும் குழி வெட்டத் திட்டமிடவும் ஏற்ற காலம்.

நம் பழைய பங்குகள் பலவற்றுக்கு ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர், அதற்கு மேலும் வளாகம் உண்டு. ஆலயம், பங்குத்தந்தை இல்லம், பள்ளிக்கூடம், அருள்சகோதரிகளின் இல்லம், கெபி, கல்லறைத் தோட்டம் இவையெல்லாம் போக இன்னும் இடம் கிடக்கும். நம் குடும்பங்களிலும் சிலருக்கு ஆண்டவர் விசாலமான மனையையோ, தோட்டத்தையோ, ஊருக்கு வெளியே நிலத்தையோ தந்திருக்கிறார். பரந்த இடம் ஒரு கொடை. அந்தக் கொடையை என்ன செய்கிறோம் என்பதுதான் இன்றைய கேள்வி.

பங்குப் பேரவைக் கூட்டங்களில் அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. திருவிழா வருகிறது, வண்டிகள் நிறுத்த இடம் போதவில்லை, மழை பெய்தால் சேறாகிறது, ஆகவே முற்றம் முழுவதும் சிமெண்ட் கல் பதித்துவிடலாம் என்ற பேச்சு. இந்தத் தேவைகள் பொய்யானவை அல்ல. சக்கர நாற்காலியில் வரும் முதியவருக்கு ஒழுங்கான பாதை வேண்டும்தான். ஆனால் முற்றம் முழுவதும் கல்லாகிவிட்டால் என்ன நடக்கிறது? கல் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவைத்து இரவில் கக்குகிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் தெருவுக்கு ஓடிவிடுகிறது. கொடியேற்றத்துக்கும் தேர்ப்பவனிக்கும் வெறுங்காலோடு வரும் தாய்மார் பாதம் வைக்க முடியாமல் தவிக்கிறார்கள். அடக்கத் திருப்பலிக்கு வந்த உறவினர்கள், ஆலயத்தில் இடம் போதாமல், வெளியே மொட்டை வெயிலில் நிற்கிறார்கள். திருப்பலி முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் பாட்டி, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, மதில் ஓரத்தில் ஒரு முழ நிழலைத் தேடுகிறார். அதே இடத்தில் ஒரு பெருமரம் நின்றால், அதன் இலைகள் வெயிலைத் தடுப்பதோடு, வேர் உறிஞ்சிய நீரை ஆவியாக விட்டு, சுற்றியுள்ள காற்றையும் குளிர்விக்கும். எந்தப் பந்தலும் செய்யாத வேலை அது.

எந்த மரத்தை நடுவது? அவரவர் மண்ணைப் பார்த்து நட வேண்டும். கடற்கரைப் பங்குகளில் உப்புக்காற்றைத் தாங்கும் புன்னை உண்டு. ஆற்றோரத்திலும் குளக்கரையிலும் மருதம் உண்டு. வேம்பும் புங்கையும் பெரும்பாலான நிலங்களுக்கு ஒத்துவரும். ஆலுக்கும் அரசுக்கும் மிகப் பெரிய இடம் வேண்டும். அவற்றின் வேர் சுவரைப் பிளந்துவிடும் என்பதால் கட்டடத்தை விட்டு வெகுதூரம் தள்ளித்தான் வைக்க வேண்டும். இவற்றுள் இன்று நாம் மறந்துகொண்டிருக்கும் ஒரு மரத்தைச் சிறப்பாக நினைவூட்ட விரும்புகிறோம். அது இலுப்பை.

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று கேலியாகச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அந்தப் பழமொழி ஓர் உண்மையையும் சேர்த்தே சொல்கிறது. இலுப்பைப் பூ இனிப்பானது. நம் முன்னோர் அதைப் பொறுக்கி, உலர்த்தி, வறுத்துத் தின்றார்கள். மின்விளக்கு வருவதற்கு முன் கோயில்களிலும் வீடுகளிலும் இலுப்பை எண்ணெயில் விளக்கு எரிந்தது. எண்ணெய் ஆட்டி மிஞ்சிய புண்ணாக்கைத் தலைக்குத் தேய்த்துக் குளித்தார்கள். இலுப்பையூர், இலுப்பைக்குடி என்று ஊர்களுக்கே அதன் பெயரை வைத்தார்கள். ஐம்பது அறுபது அடி உயர்ந்து, கிளைகளை அகல விரித்து நிற்கும் மரம் அது. இலையுதிர்ந்து பூக்கும் சில வாரங்கள் தவிர ஆண்டு முழுவதும் அடர்ந்த நிழல் தரும். வறட்சியைத் தாங்கும். ஆனால் மெல்லத்தான் வளரும். பூத்துக் காய்க்கப் பத்து ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகும். நட்டவருக்கு நரை விழுந்த பிறகுதான் அதன் முழு நிழல் கிடைக்கும். அது மறக்கப்பட்டதற்குக் காரணமும் இதுதான்.

நாட்டு மரம் என்று நாம் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். வந்தேறிகளை வெறுக்கும் பேச்சு இதில் இல்லை. நம் குழம்பில் தினமும் கரையும் புளிகூட ஆதியில் ஆப்பிரிக்க மண்ணின் மரம்தான். இன்று அது நம் வீட்டுப் பிள்ளை. நமது கிறிஸ்தவ நம்பிக்கையும் வெளியிலிருந்து வந்து இந்த மண்ணில் வேர்விட்டதுதானே! நாட்டு மரத்தை நாம் விரும்புவதற்குக் காரணம் வேறு. இந்த மண்ணின் வண்டும் பறவையும் வௌவாலும் அதை அறியும். அதுவும் அவற்றை அறியும். இலுப்பையின் இனிய பூவுக்கும் பழத்துக்கும் இரவில் வௌவால்கள் வருகின்றன. விதையைத் தூரத்துக்கு எடுத்துச் செல்கின்றன. எல்லா வகைப் பறவைகளும் தங்கும் மரம் என்று எசேக்கியேல் சொல்வதை நம் கண்முன் காண வேண்டுமானால், இந்த மண்ணின் உயிர்கள் பசியாறும் மரத்தைத்தான் நட வேண்டும்.

சீக்கிரம் நிழல் வேண்டும் என்ற அவசரத்தில் குல்மோஹர் போன்ற மரங்களை வரிசையாக நட்டோம். சில ஆண்டுகளில் குடை பிடித்தது போல நின்றன, பூவும் அழகுதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் கரையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்டவை அவற்றில் மிகுதி என்று அப்போது பலரும் எடுத்துக்காட்டினார்கள். ஆனால் சுற்றிலும் சிமெண்ட் பூசி, வேர் ஓட இடமே விடாமல் வைத்திருந்த நாட்டு மரங்களும் விழுந்தன. நல்ல சாதி மரமாய் இருந்தால் மட்டும் போதாது. அதன் வேருக்கு இடமும் வேண்டும், காலமும் வேண்டும். திருமுழுக்குப் பெற்றால் மட்டும் போதும் என்று எண்ணும் கிறிஸ்தவர்களுக்கும் இது பொருந்தும்.

ஒரே இரவில் வந்த நிழலைப் பற்றி விவிலியத்தில் ஒரு கதை உண்டு. இறைவாக்கினர் யோனா நினிவே நகருக்கு வெளியே, அந்த நகர் அழிகிறதா என்று பார்ப்பதற்காகக் கோபத்தோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் தலைக்கு மேலே ஓர் ஆமணக்குச் செடியைக் கடவுள் வளரச் செய்கிறார். யோனாவுக்கு மெத்த மகிழ்ச்சி. மறுநாள் விடியலில் ஒரு புழு அரிக்க, செடி வாடிவிடுகிறது. வெப்பக் காற்று வீசுகிறது. வெயில் உச்சியைச் சுடுகிறது. யோனா சாக விரும்புகிறார். அப்போது கடவுள் அவரிடம் பேசுகிறார். நீ பாடுபடாத, நீ வளர்க்காத ஒரு செடிக்காக நீ இவ்வளவு வருந்தும்போது, 1,20,000க்கும் மேற்பட்ட மக்களும் எத்தனையோ கால்நடைகளும் உள்ள நகருக்காக நான் இரங்கக்கூடாதா என்பதே அவர் பேச்சின் சாரம்.

யோனாவின் நிழல் யோனாவுக்கு மட்டுமான நிழல். அவர் உழைக்காமல் கிடைத்தது. ஒரு நாள் இருந்து போனது. கடவுள் மனத்தில் இருந்ததோ ஒரு நகருக்கான நிழல், யோனாவுக்குப் பிடிக்காத மக்களும் சேர்ந்து தங்குவதற்கான நிழல். நாம் ஒரு மரக்கன்றைக் கையில் எடுக்கும்போது, இந்த இரண்டில் எதை நடுகிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது வேலையைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். இலுப்பை விதை நீண்ட நாள் உயிரோடு இருக்காது. பழம் விழுந்த சில நாள்களுக்குள் சதையை நீக்கிக் கழுவி விதைத்துவிட வேண்டும். மாதக்கணக்கில் டப்பாவில் போட்டு வைத்தால் முளைக்காது. வசதி உள்ளவர்கள் நிற்க வேண்டிய இடத்திலேயே இரண்டு மூன்று விதைகளை ஊன்றலாம். ஏனெனில் இலுப்பை முதலில் ஆணிவேரைத்தான் கீழே அனுப்பும். பையில் வளர்ப்பதானால் ஆழமான பையாக இருக்கட்டும். வேர் அடியில் சுருண்டுவிட்டால், பின்னால் மரம் பெரிதானாலும் காற்றுக்கு நிற்காது. இன்று விதைத்தால் அடுத்த ஆண்டு புரட்டாசியில் நடும் அளவுக்குக் கன்று வந்துவிடும். இந்த ஆண்டே நட விரும்புகிறவர்கள் வனத்துறை நாற்றங்கால்களில் கன்று கேட்டுப் பார்க்கலாம்.

ஆடியில் மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். சில வாரங்கள் வெயிலில் காயட்டும். மேல்மண்ணோடு மட்கிய சாணமும் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பி, வடகிழக்குப் பருவமழையின் முதல் ஈரத்தில் நடுங்கள். கட்டடத்திலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் முப்பது நாற்பது அடியாவது தள்ளி இருக்கட்டும். ஆடு மாடு கடிக்காமல் முள்வேலி கட்டுங்கள். அடிமரத்தைத் தொடாமல் சுற்றிலும் சருகு மூடாக்குப் போடுங்கள். தினமும் ஒரு செம்பு தெளிப்பதைவிட, வாரத்துக்கு இரண்டு முறை வேர் நனைய ஊற்றுவது நல்லது. அப்போதுதான் வேர் நீரைத் தேடிக் கீழே போகும். முட்டுக்கொடுத்த கயிற்றைக் காலத்தில் அவிழ்த்துவிடுங்கள். மரம் பருத்த பிறகும் அவிழ்க்காத கட்டு அதன் கழுத்தை இறுக்கிவிடும்.

இதில் கடினமானது எது தெரியுமா? நடுவது கடினமில்லை. நடுகிற நாளில் புகைப்படம் எடுக்கப் பத்துப் பேர் நிற்பார்கள். அடுத்த பங்குனியில், மண் வெடித்துக் கிடக்கும்போது, வாளியைத் தூக்கிக்கொண்டு வர ஒருவராவது வேண்டும். அதற்கடுத்த சித்திரையிலும் வேண்டும். அதற்கும் அடுத்த சித்திரையிலும் வேண்டும். முதல் மூன்று கோடையைத் தாண்டிவிட்டால் இலுப்பை தானே நிற்கும். பல கன்றுகள் இந்த மூன்று கோடைக்குள்தான் சாகின்றன. நம் பக்தி முயற்சிகளும் அப்படித்தான். தியானம் முடிந்த வாரத்தில் எல்லாரும் குடும்பச் செபம் சொல்கிறோம். மூன்றாவது கோடையில் எத்தனை வீடுகளில் அது உயிரோடு இருக்கிறது?

நற்செய்தியில் வரும் மனிதரைப் பாருங்கள். அவர் இரவில் தூங்குகிறார், பகலில் எழுகிறார். விதை எப்படி வளர்கிறது என்று அவருக்குத் தெரியாது. சிலர் இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் நாம் ஒன்றும் செய்ய வேண்டாமே என்பார்கள். அந்த மனிதர் விதைத்திருக்கிறார்; ஒவ்வொரு நாளும் எழுந்திருக்கிறார்; அறுவடைக் காலம் வந்ததும் அரிவாளை எடுக்கிறார். தம்மால் ஆனதை அவர் விட்டுவிடவில்லை. தம்மால் ஆகாததை நினைத்துத் தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ளவில்லை. விதையைத் தினமும் தோண்டிப் பார்ப்பவன் விவசாயி அல்ல. பிள்ளை வளர்ப்பவர்களும் பங்கை நடத்துபவர்களும் இந்தத் தூக்கத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

குருக்களாகிய நாங்கள் ஐந்து ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை பணியிடம் மாறுகிறவர்கள். வந்த ஆண்டில் நட்ட இலுப்பை, மாற்றல் கடிதம் வரும்போது எங்கள் தலையளவு உயர்ந்திருக்கலாம். அது பூப்பதைப் பார்க்க நாங்கள் அங்கே இருக்க மாட்டோம். மண்டபம் கட்டினால் கல்வெட்டில் பெயர் இருக்கும். வளைவு கட்டினால் திறந்த நாளும் திறந்தவர் பெயரும் இருக்கும். மரத்துக்குக் கல்வெட்டு இல்லை. ஆகவேதான் எங்களுக்கும் மரம் நல்ல ஆசிரியர். கொரிந்து நகரத் திருஅவையில், யார் பெரியவர் என்று சண்டை வந்தபோது, தாம் நட்டதாகவும் அப்பொல்லோ நீர் பாய்ச்சியதாகவும் விளையச் செய்தவர் கடவுளே என்றும் தூய பவுல் எழுதினார். முன்னே இருந்தவர் நட்டதை வெட்டாமல் நீர் ஊற்றுவதும், நாம் நட்டதைப் பின்னே வருபவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போவதும் திருப்பணிதான். குடும்பங்களுக்கும் இதைச் சொல்கிறோம். பாகப்பிரிவினை வரும்போது வரப்பில் நிற்கும் மரம்தான் முதலில் விழுகிறது. கலியாணச் செலவுக்கு மரவியாபாரியைக் கூப்பிடுவதும் உண்டு. தாத்தா நட்டதை வெட்டி விற்பது ஒரு காலை நேர வேலை. அதன் நிழலைத் திரும்பப் பெற இன்னொரு தலைமுறை வேண்டும். அந்த மரத்தைக் காக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்லி வையுங்கள்.

இனி, எங்கே நடுவது? வளாகத்தில் நடுவிலா, பின்பக்கமா, வாசல் பக்கமா? இது தோட்டக் கேள்வி மட்டும் இல்லை. ஆலமரத்தடி என்றால் ஊர் கூடி நியாயம் பேசும் இடம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த மேடைமேல் யார் உட்கார்ந்தார்கள், யார் தள்ளி வெயிலில் கைகட்டி நின்றார்கள் என்பதும் நமக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் எழுப்பி இறந்தவர்களைச் சாதியால் பிரித்த வரலாறு நம் கிறிஸ்தவ ஊர்களுக்கும் உண்டு. மரம் தன் நிழலை எவருக்கும் மறுப்பதில்லை, மறுப்பவர்கள் மனிதர்கள். எல்லா வகைப் பறவைகளும் என்று ஆண்டவர் சொல்லும்போது, நம் கூட்டத்துப் பறவைகள் மட்டும் என்று நாம் திருத்தி வாசிக்க முடியாது.

ஆகவே, முடிந்தால் வாசல் பக்கமாக நடுங்கள். மின்கம்பி இல்லாத பக்கமாகப் பார்த்து, வளர்ந்த பிறகு கிளைகள் மதிலைத் தாண்டித் தெருவிலும் நிழல் விழும்படி நடுங்கள். பூட்டிய கேட்டுக்கு உள்ளே மட்டும் விழும் நிழல் யோனாவின் நிழல். தலைச்சுமையோடு போகும் பெண், பள்ளிப் பிள்ளைகள், தள்ளுவண்டிக்காரர், உணவுப் பொட்டலம் கொண்டுபோகும் இளைஞர், நம் ஆலயத்துக்குள் ஒருநாளும் வராத பிற சமயத்து அண்ணன் தம்பிகள், எல்லாரும் ஒரு நிமிடம் நின்று முகம் துடைத்துக்கொள்ளட்டும். ஒரு பலகையும் ஒரு பானைத் தண்ணீரும் அங்கே இருந்தால், அது சொல்லாமல் சொல்லும் மறையுரை. மம்ரே என்ற இடத்தில், வெயில் ஏறிய நேரத்தில் வழியே வந்த மூவரை ஆபிரகாம் ஓடிப்போய் எதிர்கொண்டு, கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, மரத்தடியில் அமர்த்தி உணவு படைத்தார். வந்தவர் ஆண்டவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் அவர்களை உட்கார வைக்க அங்கே ஒரு மரம் இருந்தது; அதை யாரோ ஒருவர் வெட்டாமல் விட்டிருந்தார்.

சில குறைகள் சொல்லப்படும். சருகு கொட்டுகிறது, பூ உதிர்ந்து வாடை வருகிறது, வௌவால் சத்தம் போடுகிறது, இவ்வளவு இடத்தை ஒரு மரமே அடைத்துக்கொள்கிறது என்பார்கள். உண்மைதான். பெரிய மரம் பெரிய இடம் கேட்கும். உயிருள்ள எதுவும் கொஞ்சம் குப்பை போடும். பிள்ளைகள் இருக்கும் வீடு போல. சருகைக் கொளுத்தாமல் குழியில் மட்க வைத்தால் அடுத்த கன்றுக்கு உரம் ஆகும். திருவிழா விளம்பரத் தட்டியை மரத்தில் ஆணி அடித்து மாட்டாதீர்கள். அடிமரத்தைச் சுற்றி ஆறடியாவது வெறும் மண்ணாக விட்டுவிடுங்கள்.

இடத்தை அடைக்கிறது என்று ஒரு மரத்தை வெட்டியதால் என்ன நேர்ந்தது என்பதைக் கென்யா நாட்டின் வங்காரி மாத்தாய் தம் வாழ்க்கைக் கதையில் சொல்லியிருக்கிறார். கத்தோலிக்க அருள்சகோதரிகளின் பள்ளிகளில் படித்தவர் அவர். சிறுமியாக இருந்தபோது அவர் வீட்டருகே ஒரு பெரிய அத்தி மரம் நின்றது. அது கடவுளின் மரம், அதிலிருந்து சுள்ளி பொறுக்காதே என்று அம்மா சொல்லி வளர்த்தார். அதன் அருகே ஓர் ஊற்று பொங்கி ஓடையாக ஓடியது. படிப்பு முடித்து அவர் திரும்பி வந்தபோது, நிலத்தை வாங்கியவர் தேயிலை பயிரிட இடம் வேண்டும் என்று அந்த மரத்தை வெட்டியிருந்தார். ஓடையும் வற்றிவிட்டிருந்தது. அத்தியின் வேருக்கும் அந்த ஊற்றுக்கும் இருந்த உறவு பிறகுதான் அவருக்குப் புரிந்தது. 1977இல் கிராமத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு அவர் மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. மரம் நட்டவருக்கு அமைதிப் பரிசு ஏன் என்று சிலர் கேட்டார்கள். தண்ணீரும் நிழலும் விறகும் இல்லாத இடத்தில் மனிதர்கள் சண்டையிட்டுக்கொள்வார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலில், பூமியை நமது பொதுவான இல்லம் என்று அழைத்தார். நமக்குப் பின் வரப்போகும் தலைமுறைக்கு எத்தகைய உலகை விட்டுச் செல்லப்போகிறோம் என்று கேட்டார். அது பெரிய கேள்வி. அதற்கு முழு விடை நம் கையில் இல்லை. ஆனால் ஒரு வாளித் தண்ணீர் அளவுக்கு நம் கையிலும் விடை இருக்கிறது.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறோம். இடம் உள்ளவர்கள் இந்த ஆண்டு ஒரே ஒரு பெருமரத்துக்கு இடம் ஒதுக்குங்கள். நூறு கன்று நட்டு நூறையும் சாகவிடுவதைவிட, ஒன்றை நட்டு ஒன்றையும் காப்பாற்றுவது மேல். இரண்டாவது, பங்கு வளாகத்தில் நடும் கன்றுக்கு அன்பியங்கள் முறை வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஓர் அன்பியம் என்று மூன்று கோடைக்கும் பெயர் எழுதி ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைகள் அந்த முறையில் சேரட்டும். அவர்கள் திருமணத்துக்கு ஆலயம் வரும்போது அந்த நிழலில் நிற்பார்கள். மூன்றாவது, சொந்தமாக ஒரு சாண் நிலமும் இல்லாதவர்களே, வாடகை வீட்டில் மாடியில் இருப்பவர்களே, உங்களுக்கும் பங்கு உண்டு. பக்கத்தில் காயும் ஒரு கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற நிலப்பட்டா தேவையில்லை. அப்பொல்லோ நடவில்லை, நீர்தான் பாய்ச்சினார்.

இரண்டாம் வாசகத்தில் தூய பவுல், கண்ணால் காண்பதை வைத்து அல்ல, நம்பிக்கையை வைத்து நடக்கிறோம் என்று கொரிந்தியருக்கு நினைவூட்டுகிறார். நாம் காணாத நிழலுக்காக நீர் ஊற்றும் கை, இந்த நம்பிக்கையை வாயால் சொல்லாமலே அறிக்கையிடுகிறது. ஆண்டவர் இயேசுவும் தம் வாழ்நாளில் கடுகளவு கூட்டத்தைத்தான் பார்த்தார். கல்வாரி மலையில் நிழலற்ற ஒரு மரத்தில் தொங்கியபோது, அந்தச் சிறு கூட்டமும் பெரும்பாலும் ஓடிவிட்டிருந்தது. அவர் விதைத்ததன் நிழலில்தான் இன்று நாம், இத்தனை தூரத்தில், இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகு, அமர்ந்திருக்கிறோம்.

மன்றாடுவோமாக. விண்ணையும் மண்ணையும் படைத்த தந்தையே, எங்களுக்கு முன்னே நட்டவர்களுக்காக உமக்கு நன்றி கூறுகிறோம். அவர்களில் பலருடைய பெயர் எங்களுக்குத் தெரியாது, நீர் அறிவீர். எங்கள் கையில் உள்ள இடத்தை எங்களுக்காக மட்டும் வைத்துக்கொள்ளாத மனத்தை எங்களுக்குத் தாரும். மூன்று கோடைக்கும் தளராத பொறுமையைத் தாரும். நாங்கள் தூங்கும் இரவுகளிலும் எங்கள் விதைகளை வளரச் செய்யும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களையும் உங்கள் இல்லங்களையும் உங்கள் நிலங்களையும் ஆசீர்வதிப்பாராக!